பத்தாவது கேள்வி

கையில் ஊசி இறங்கியபோது நன்றாகவே வலித்தது. "வலிக்குதாக்கா?" என்று விமலா சிஸ்டர் கேட்டாள். "இல்லீங்க சிஸ்டர், பரவாயில்லீங்க" என்று மரகதமணியின் வாய் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான், ஆரம்பித்துவிட்டது இன்றைக்கும் என்று அவளுக்கே உறைத்தது. அந்த வாய் அவள் பேச்சைக் கேட்டு நாளாகிறது. யார் வந்து எது கேட்டாலும் அவளுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பதில் சொல்லி அனுப்பிவிடும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மகள் நிவேதிதா பிறந்தபோதும் இதே கதைதான். வலி எப்படிம்மா இருக்கு என்று நர்ஸ் வந்து கேட்டதற்கு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளின் வாய் "தேவலைங்க" என்றது. தேவலை என்றால் நேரமிருக்கிறது என்று அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். குழந்தை வந்து விழுந்தபோது பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார்தான் ஓடிவந்து ஏந்தினாள். அதைச் சொல்லிச் சொல்லிப் புருஷன் நாச்சிமுத்துவின் சொந்தக்காரர்கள் பத்து வருஷம் சிரித்தார்கள். நாச்சிமுத்துவும் சிரித்தார். மரகதமணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. நரம்பில் ஏறும் மருந்தில் இது ஆறாவது சொட்டு, கடைசிச் சொட்டு. நாற்பது நிமிஷம் மருந்து ஏறும், அப்புறம் இரண்டு மணி நேரம் இதே கட்டிலில் படுத்திருக்கவேண்டும், அப்புறம் எதிர்க் கட்டடத்து அறையில் பெனிட்டா மேடம் பத்துக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பத்துக்கும் இந்த வாய் என்ன சொல்லித் தொலைக்குமோ. சொட்டுக்காகக் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

தலைமாட்டில் பாட்டில் தொங்கியது. மருந்தின் பெயரைக் காணோம், முப்பத்தொன்று என்று எண் மட்டும் ஒட்டியிருந்தது. அதுதான் இங்கே அவள் பெயரும். முதல் நாளே பெரிய டாக்டர் உட்கார வைத்து விளக்கியிருந்தார். எத்தனை மாத்திரை மாற்றினாலும் சிலருக்கு மனச்சோர்வு அசைந்தே கொடுக்காது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற கெட்டமின் என்ற மருந்தைக் கொஞ்சூண்டு அளவில் சொட்டாக ஏற்றினால் அவர்களுக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு வேறொன்று, தூக்கம் வருகிறதோடு சரி. யாருக்கு எது என்று படுத்திருப்பவருக்குத் தெரியாது, ஊசி போடும் சிஸ்டருக்குத் தெரியாது, கேள்வி கேட்கும் பெனிட்டாவுக்குத் தெரியாது, டாக்டருக்கே தெரியாது, ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். "அப்ப சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரிங்களா?" என்று நாச்சிமுத்து கேட்டதற்கு டாக்டர் சிரித்து, கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். பதினாறு பக்கத்துக்குத் தாள் கொடுத்தார்கள். நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படிச்சீங்களா என்றார்கள், படிச்சனுங்க என்றது வாய். ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. அவ்வளவு பெரிய டாக்டரை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படிப்பது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடாதா? அப்படித்தான் தோன்றியது அன்றைக்கு. இடது கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டை உறுமிக்கொண்டு இறுகியது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக இறுகும். முதல் பத்து நிமிஷம் போய்விட்டது. இன்னும் மூன்று முறை.

கண்ணை மூடினாள். ஏதாவது ஆகிறதா? பொள்ளாச்சிக்காரர் ஆறுச்சாமி, சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், இதே ஆராய்ச்சிக்கு வருகிறவர், முதல் வாரமே வராந்தாவில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நானுங்க, மேல போயி அந்த ஃபேன் பக்கத்துல உக்காந்துட்டனுங்க. கீழ பாத்தா என்ற ஒடம்பு கெடக்குது, செருப்பக் கழட்டி வெச்ச மாதிரி. அந்த ஒடம்போட எனக்கு ஒரு தகராறும் இல்லீங்க." சிஸ்டர் ஓடிவந்து, இதெல்லாம் இங்கே பேசக்கூடாதுங்கய்யா என்று வாயை அடைத்தாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மரகதமணி ஒவ்வொரு சொட்டிலும் தூக்கிவிடுமா தூக்கிவிடுமா என்று காத்துக்கொண்டு கிடக்கிறாள். தூக்கினதே இல்லை. திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் அவிநாசி தாண்டும்போது கண் சொக்குமே, அவ்வளவுதான். அப்படியானால் தனக்கு விழுந்த சீட்டு தூக்க மருந்துதான். ஆனால் அதையும் நிச்சயமாகச் சொல்ல முடிகிறதா? இரண்டாவது தடவை விரல் நுனியெல்லாம் தூரமாகப் போன மாதிரி இருந்தது. பசியில் அப்படியும் இருக்கும். மூன்றாவது தடவை சுவர்க் கடிகாரத்தின் முள் நின்றுவிட்டது என்று நினைத்தாள். எழுந்தபோது பார்த்தால் கடிகாரம் நிஜமாகவே நின்றுதான் இருந்தது, விமலா சிஸ்டர் பேட்டரி மாற்றினாள். ஒருவேளை இதுதான் நெசமான மருந்தாக இருந்து, ஆறு சொட்டும் ஏறி, அதற்கும் அவள் கல்லு மாதிரி கிடக்கிறாள் என்றால்? அந்த எண்ணம் வந்ததும் கட்டிலில் நேராகப் படுக்க முடியவில்லை. காலை மடக்கினாள், நீட்டினாள். "கையை ஆட்டாதீங்கக்கா" என்றாள் சிஸ்டர். "சரிங்க சிஸ்டர்" என்றது வாய், உடனே.

காலையில் நாச்சிமுத்து அந்தத் தாளைப் படிக்காமல் இருந்திருக்கலாம். மூன்று வாரமாக அவருடைய குட்டியானை லோடு வண்டியில், வெயில் மறைக்கும் பலகைக்குப் பின்னால், டோல் சீட்டுகளோடு செருகிக் கிடந்த தாள் அது. அவிநாசி ரோட்டில் பாலம் வேலை நடக்கிற இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. சும்மா இருக்கமாட்டாமல் உருவி எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். "ஏம் அம்மிணி, இதப் பாத்தயா? ஆறு ஊசியும் போட்டு, அப்பவும் தேறாதவிங்களுக்கு நெசமான மருந்தவே குடுக்கறாங்களாமா. சீட்டுக் கீட்டு ஒண்ணுமில்ல, கட்டாயம் அதேதானாமா." அவளுக்கு நெஞ்சு ஒருமுறை தடுக்கிவிழுந்து எழுந்தது. அவரோ தாளை மடித்துப் பழைய இடத்தில் செருகிவிட்டு, "நம்மளுக்கு அது வேண்டியதில்ல. நீதான் தேறிட்டியே. பாவம், ஆருக்கோ போகட்டும்" என்று சொல்லி ஹாரன் அடித்தார். ஆமாங்க என்றாள். அதற்குப் பிறகு சிங்காநல்லூர் வரைக்கும் அவர் என்ன பேசினார் என்று அவளுக்கு நினைவில்லை. தேறிட்டியே. யார் சொன்னார்கள் தேறிவிட்டாள் என்று? அவளேதான் சொன்னாள். வாரம் இரண்டு முறை பெனிட்டாவின் எதிரே உட்கார்ந்து சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நாகர்கோவில் பக்கம். ஏழு மாத வயிறு. இவளை உட்கார வைப்பதற்கு முன்னால் தான் உட்காரமாட்டாள். நோயாளி சொல்வதைக் கேட்டு முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று அவளுக்குச் சட்டமாம். முகம் காட்டாது, பேனா காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாள் ஒவ்வொரு பதிலுக்கும் தயங்கித் தயங்கி எழுதிய பேனா, இரண்டாவது வாரம் "தூக்கம் வருதுங்க" என்றதும் துள்ளிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணிடம் எப்படி இல்லை என்று சொல்வது? நமக்காக வயிற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வருகிறவள். சாப்பிடறீங்களா, சாப்பிடறனுங்க. மனசு பாரமா இருக்கா, கொறஞ்சிருக்குதுங்க. வேலையில நாட்டம் வருதா, வருதுங்க. பத்தாவது கேள்வி, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா. சேச்சே, அதெல்லாம் இல்லீங்க மேடம்.

பட்டை இறுகியது. இரண்டு. அந்தப் பத்தாவது கேள்விக்கு வாய் சேச்சே என்று சொன்ன வேகத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருந்தது. எவ்வளவு பழகின வேகம் அது. இருபது வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றவள் அவள். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் உள்பக்கம் புரட்டி, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, குற்றம் இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடவேண்டும். மரகதக்கா கண்ணுக்குத் தப்பாது என்று டெய்லர்கள் பயப்படுவார்கள். அதே மரகதக்காதான், வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பிப் பெட்டிகளைச் சோதிக்க வரும் நாளில், முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு முன்னால் நின்று, எதைக் கேட்டாலும் எல்லாம் சுத்தமா இருக்குதுங்க சார் என்று சிரிக்கவேண்டியவள். அந்த ஆளைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருக்கும். வெயிலில் வந்திருப்பான், சீக்கிரம் முடித்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கவேண்டும். அவனுக்கு எளநீர் வெட்டிக் கொடுத்து, நல்ல பெட்டிகளாகப் பார்த்து எதிரே இழுத்துப் போடுவார்கள். குற்றத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணும் குற்றமே இல்லை என்கிற வாயும் ஒரே முகத்தில் இருபது வருஷம் சண்டையில்லாமல் குடியிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை கண் தோற்றது. குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை. நெஞ்சுப் பக்கம் மெஷின் எண்ணெய்க் கறை, புளியங்கொட்டை அளவு. கறையைப் பார்த்தாள். கறை என்று தெரிந்தது. கை அந்தச் சட்டையை எடுத்து நல்ல பக்கத்து அடுக்கில் வைத்தது. அடுத்ததையும் வைத்தது. யாருக்கு என்ன, எப்படி இருந்தால் என்ன என்று இருந்தது. சோகம்கூட இல்லை, சோகமாக இருந்தாலாவது அழுது தீர்த்திருக்கலாம்.

வந்த ஆள் அந்த முறை எளநீர் வேண்டாம் என்றுவிட்டுத் தானாக ஒரு பெட்டியைப் பிரித்தான், கறை இருந்தது. ஒன்றில் கறை என்றால் அந்த லாட் முழுக்கப் பிரிக்கவேண்டும், அதுதான் வழக்கம். ஒட்டி, கட்டி, லாரிக்கு அடுக்கிய நானூறு பெட்டி. செக்கிங்கில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் டேப்பைக் கிழித்துக் கிழித்து விரல் தோல் உரிந்து நின்றார்கள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்கு ஒடம்பு சரியில்லைங்க்கா, போய் உக்காருங்க என்றார்கள். அந்த நல்ல வார்த்தைதான் அவளை ஒரேயடியாக வீட்டில் படுக்க வைத்தது. என்ன காரணம், என்ன காரணம் என்று அப்புறம் எல்லோரும் கேட்டார்கள். புருஷன் குடிக்கிறானா? இல்லை. மகள் எவனையாவது இழுத்துக்கொண்டு வந்தாளா? இல்லை, அவள் பாட்டுக்கு ஈரோட்டில் படிக்கிறாள். காரணம் இருந்தால் சொல்லமாட்டாளா? காரணம் இல்லாத நோய்க்கு மரியாதை இல்லை என்பதை மரகதமணி அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டாள். நான்கு விதமான மாத்திரை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று வாயைக் காய வைத்தது, ஒன்று உடம்பைப் பெருக்க வைத்தது, இரண்டு ஒன்றுமே செய்யவில்லை. கடைசியில் மாத்திரை எழுதிய டாக்டர்தான் இங்கே போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். இப்போது நினைத்துப் பார்த்தால் இதுவும் பெட்டிதான். இதுவரை ஐந்து தடவையும் கறையை உள்ளே வைத்து, மேலே நல்லதை அடுக்கி, டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். பெனிட்டா எழுதுவதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் இந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று முடிவு கட்டப்போகிறார்கள். எங்கோ ஒரு ஊரில் தன்னை மாதிரி ஒருத்தி அந்தப் பெட்டியைத் திறப்பாள். மூன்றாவது முறை பட்டை இறுகியபோது அவள் திடுக்கிட்டாள். கண் சொக்கத்தான் செய்தது, ஆனால் உள்ளே ஒன்று தூங்கவிடாமல் நடந்துகொண்டே இருந்தது.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவது. சொன்னால் நெசமான மருந்து கிடைக்கும். அதில் என்ன கஷ்டம்? கஷ்டம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது, நாச்சிமுத்துவாக. ஐந்து மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அவள் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றுவிட்டாள். நின்றதோடு சரி, வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டு, அவர் லோடை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடிவந்தார். படியேறி வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, துணி காஞ்சிருச்சா என்றார். அன்றைக்கு மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது. அன்றிலிருந்து அவர் கட்டிலில் படுக்கவில்லை. அவள் படுக்கிற அறையின் வாசலுக்குக் குறுக்கே, சிமிட்டித் தரையில், ஒரு ஒற்றைக் கோரைப்பாயைப் போட்டுப் படுத்தார். ஆறடி ஆள், அந்த வாசலுக்குள் காலை மடக்கித்தான் கிடக்கவேண்டும். பகலெல்லாம் வண்டி ஓட்டின இடுப்பு. காலையில் சுவரைப் பிடித்து எழுவார், எழும்போது முனகுவார், அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் முனகலை இருமலாக மாற்றுவார். ஒரு நாள்கூட எதற்கு இங்கே படுக்கிறேன் என்று அவர் சொன்னதில்லை, எதற்குப் படுக்கிறீர்கள் என்று அவள் கேட்டதுமில்லை. மூன்றாவது சொட்டுக்குப் பிறகு, மேடம் நல்ல முன்னேற்றம்கறாங்க என்று இவள் சொன்ன அன்றைக்கு, அவர் பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தார். படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை. ஐந்து மாதம் அவர் குறட்டை விடவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்று தினமும் நினைக்கிற அதே நினைப்பை அன்றைக்கும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, ஐயோ பாவம், தூங்கட்டும் என்றும் நினைத்தாள்.

போதாக்குறைக்குக் கெடாய். பொண்டாட்டி தேறிவிட்டாள் என்று குலசாமிக்குக் கெடாய் வெட்ட ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்துவிட்டார் மனிதர். கறுப்புக் கெடாய், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பின்வாசல் வேப்பமரத்தில் கட்டிக்கிடக்கிறது. நாற்பது பேருக்குப் போன் பண்ணிச் சொல்லியாகிவிட்டது. காங்கேயத்திலிருந்து அவருடைய அக்காள் மூன்று நாள் முன்னதாகவே வந்து இறங்கப்போகிறாள். எல்லோரும் இலையில் உட்கார்ந்து, கறியை மென்றுகொண்டு, இவள் முகத்தைப் பார்ப்பார்கள். தேறின முகம் எப்படி இருக்கும் என்று பார்ப்பார்கள். இவள் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று சிரித்தபடி போகவேண்டும். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் கெடாய் பிழைத்துக்கொள்ளும். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்து ஒட்டிக்கொண்டது. நேற்று அகத்திக்கீரையை நீட்டியபோது அது அவள் கையை நக்கியது, வெதுவெதுவென்று, சொரசொரவென்று. இரண்டு வருஷத்தில் எதுவும் அவள் மேல் அப்படி உறைத்ததில்லை. அதுதான் மருந்தா? அப்படி என்றால் கொஞ்சம் தேறித்தான் இருக்கிறாளா? இல்லை, கெடாய் நக்கினால் யாருக்கும்தான் சொரசொரவென்று இருக்கும். இவள் நினைப்புக்கு ஒரு முடிவே இல்லை; வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைக் குட்டையாக்கிக்கொள்ளும் கெடாய் மாதிரியேதான். நான்காவது முறை பட்டை இறுகித் தளர்ந்தது. "முடிஞ்சுதுக்கா" என்று சிஸ்டர் சொட்டை நிறுத்தினாள்.

ஒரு மணி நேரம் கழித்து நாச்சிமுத்துவை உள்ளே விட்டார்கள். டிபன் பாக்ஸில் இட்லி, தூக்கில் சாம்பார். உட்கார்ந்ததும் அவள் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி தொடுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கொஞ்சல். "தல சுத்துதா அம்மிணி?" "இல்லீங்க." "சாப்புடு. அக்கா காங்கேயத்துல பஸ் ஏறிட்டாளாமா. கெடாய் எத்தன கிலோ தேறும்னு கேக்கறா." இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். வாய்க்கு இப்போதாவது வேறு வேலை கிடைத்தது. மென்றுகொண்டே, "ஏனுங்க" என்றாள். "ம்?" "இன்னும் கொஞ்ச நாளு ஊசி போடோணும்னு சொன்னாங்கன்னா என்னங்க பண்றது?" சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "ஆரு சொன்னா? மேடம் சொன்னாங்களா?" அந்த முகத்தில் ஒரு நொடியில் ஐந்து மாதமும் திரும்பி வந்துவிட்டதைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு இந்த இரண்டு வாரத்தில்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது. "ஆரும் சொல்லுலீங்க. சும்மா கேட்டேன்" என்றது வாய். அவர் மூச்சை விட்டார். "நல்லாக் கேட்ட போ" என்று சிரித்து, இன்னொரு இட்லியை வைத்தார். அவளுக்கு அழவேண்டும் போல இருந்தது. அழுகை வரவில்லை. இட்லியைத் தண்ணீர் குடித்து உள்ளே அனுப்பினாள்.

பெனிட்டாவின் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். ஊசி குத்தின இடம் தெரியாமல் சிஸ்டர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி அனுப்பியிருந்தாள். பெனிட்டா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி நின்றிருந்தாள். இவள் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தாள். "அக்கா, எப்பவும் போலதான். ஊசி, மருந்து, உள்ளே நடந்தது எதையும் என்கிட்டே சொல்லவேண்டாம். இந்த மூணு நாள் எப்படி இருந்தீங்கன்னு மட்டும் சொன்னா போதும். மனசு எப்படிக்கா இருந்துச்சு?" மரகதமணி வாயைத் திறப்பதற்குள் வாய் திறந்துகொண்டது. "நல்லாருக்கறனுங்க மேடம்." பேனா துள்ளியது. "உள்ளுக்குள்ள ஒரு பதற்றம், இருப்புக்கொள்ளாம, அப்படி ஏதாவது?" "அதெல்லாம் கொறஞ்சிருச்சுங்க." பேனா ஓடியது. அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். வெள்ளைச் சட்டையை எடுத்து நல்ல அடுக்கில் வைத்த கை ஞாபகத்துக்கு வந்தது. இப்படியே போனால் பத்தாவது வரும்போது வாய் நல்ல ஓட்டத்தில் இருக்கும், நிறுத்தவே முடியாது. பீஸை உள்பக்கம் புரட்டித்தான் பார்க்கவேண்டும், வெளிப்பக்கம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். தூக்கம் எப்படி என்று பெனிட்டா கேட்டாள். மரகதமணி தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா? வாந்தி வருதா?"

"மேடம், பத்தாவது கேள்வியை மொதல்ல கேளுங்க."

"வரிசையாத்தான்க்கா கேட்கணும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"வரிசையாக் கேட்டா நான் பொய் சொல்லிருவனுங்க."

பெனிட்டா பேனாவைக் கீழே வைத்தாள். அது உருண்டு மேஜை விளிம்பில் போய் நின்றது, அவள் பிடிக்கவில்லை. மெதுவாக, தாளைப் பார்க்காமல் இவளைப் பார்த்தே கேட்டாள். "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாக்கா?"

மரகதமணிக்குத் தலைப்புக்குள் மூச்சு முட்டியது. வாய் சேச்சே என்று சொல்லத் துடித்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கூட விட்டது. அவள் அதைப் பிடித்து இழுத்தாள். இருபது வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள், இந்த ஒன்றைப் போலக் கனத்த ஸ்டிக்கர் இல்லை. "தோணுதுங்க" என்றாள். அதிலும் அந்த மரியாதை விட்டுப்போகவில்லை.

"எப்பவாவதா?"

"தெனமுமுங்க. காலைல எந்திரிக்காமப் போயிட்டாத் தேவலைன்னு இருக்குதுங்க. போன வாரமும் அப்படித்தானுங்க. அதுக்கு முந்தின வாரமும்." தலைப்பு தானாக இறங்கியிருந்தது. "நான் சொன்னது ஒண்ணுகூட நெசமில்லீங்க மேடம். நீங்க நல்லாக் கேட்டீங்க, நான்தான் மனசு வராம அப்படிச் சொல்லிப்போட்டனுங்க. மொத்தப் பெட்டியும் பிரிக்கோணுமுங்க. உங்களுக்கு வேலை வெச்சுட்டேன்."

பெட்டி என்றால் என்னவென்று பெனிட்டாவுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவள் மேஜையைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்று, இவள் தோளில் கை வைத்தாள். முகத்தில் காட்டக்கூடாது என்ற சட்டத்தை அவள் முகம் அப்போது மீறியிருந்தது. "சொன்னீங்களே, அதுதான்க்கா வேணும். நான் இப்ப டாக்டரைக் கூப்பிடறேன். உங்களைத் தனியா விடமாட்டோம். அண்ணன்கிட்டயும் சொல்லணும். கூப்பிடட்டுமா?"

கதவுச் சதுரத்தில் நாச்சிமுத்து தெரிந்தார். வராந்தாவில் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையை இடுப்பு உயரத்துக்குக் காட்டி, இவ்வளவு உயரம் என்று கெடாயை அளந்துகொண்டிருந்தார், போனில் அது தெரியாது என்ற நினைப்பே இல்லாமல். இந்த இரண்டு வாரத்து முகத்தைக் கடைசியாக ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

கதவு திறந்தது. "முடிஞ்சுதுங்களா மேடம்? போலாமுங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவர், பெனிட்டா நிற்கும் இடத்தைப் பார்த்து, இவளைப் பார்த்தார். "என்ன அம்மிணி?"

ஒண்ணுமில்லீங்க என்று வாய் கிளம்பியது. மரகதமணி உதட்டைக் கடித்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது, எப்படிச் சொல்வது என்று தேடினாள். கண்ணில் அந்த ஒற்றைக் கோரைப்பாய்தான் வந்து நின்றது.

"ஏனுங்க, இன்னிக்குப் படுக்கறப்ப ரெண்டு பாயாப் போட்டுக்குங்க. தரை சில்லுங்குது. உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

போனில் இன்னும் யாரோ ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பெனிட்டாவின் நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்து வந்து, கதவுக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.